காணாமல் போன ஏழு கிலோமீட்டர்

எழுபத்தைந்து கிலோ எடை இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு மனிதருக்கு வேலை கிடைத்தது என்றால் நம்பக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை, யாருடைய சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை. தராசில் ஏறி நின்றார், முள் எழுபத்தைந்தில் போய் நின்றது, அவ்வளவுதான்.

மின்சார ஸ்கூட்டருக்குப் பேட்டரி செய்கிற சின்னக் கம்பெனி அது. செய்த பேட்டரி ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்று ரோட்டில் ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இன்றைக்கு ஒரு குண்டர், நாளைக்கு ஓர் ஒல்லிப்பிச்சான் என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கிடைக்கிற எண் எதற்கும் உதவாது. ஆகவே ஓட்டுகிறவர் எப்போதும் ஒரே ஆளாக, எப்போதும் எழுபத்தைந்து கிலோவாக இருக்க வேண்டும் என்பது விதி. நேர்காணலுக்கு இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஃபைலும் டையுமாக வந்தவர்களெல்லாம் அறுபத்தெட்டு, எண்பத்தொன்று என்று தராசிலிருந்து இறங்கிப் போனார்கள். நம்மவர் அப்போது கூரியரில் வேலை பார்த்தார். முதலாளிக்கு ஒரு கவர் கொடுக்க வந்தவர், வரிசை எதற்கென்று தெரியாமலே அதில் நின்றுவிட்டார். வரிசை என்று ஒன்றைப் பார்த்தால் போய் நின்றுவிடுகிற சுபாவம் அவருக்கு.

அன்றிலிருந்து கம்பெனியில் அவர் எழுபத்தஞ்சு. ஒன்பது வருடமாக முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு. எத்தனை பேருக்கு அவரவர் உடம்பே பட்டமாக வாய்க்கும், சொல்லுங்கள்.

வேலை என்னவோ பார்ப்பதற்கு சுலபம். காலை ஏழு மணிக்கு ஸ்டோர் ரூமில் தராசில் ஏற வேண்டும். முழு சார்ஜில் நிற்கிற ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு இன்னொரு வட்டம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறித்துக் கொடுத்த பதினான்கு இடங்களில் நின்று, இருபது வரை எண்ணி, மறுபடி கிளம்ப வேண்டும். எதுவரைக்கும் என்றால், வண்டியின் உயிர் போகும்வரைக்கும். சார்ஜ் குறைவதைப் பார்த்ததும் வீட்டுப் பக்கம் திரும்புவது உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற புத்தி. அந்தப் புத்தி தனக்கு இல்லாததுபோல நடந்துகொள்வதற்குத்தான் இவருக்குச் சம்பளம். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கி, கிலோமீட்டரைக் குறித்து, கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிட்டு உட்கார வேண்டும். வேன் வந்து வண்டியையும் ஆளையும் அள்ளிக்கொண்டு போகும்.

இதையெல்லாம் ஒரு வேலை என்று ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மனைவி. அவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைப் பார்த்து எழுதுகிறவள். அவளும் நாள் முழுக்க ஸ்கூட்டரில்தான் சுற்றுகிறாள், கூடவே நாய், பூட்டிய கேட், "ஆளே இல்லாத வீட்டுல எப்படி இவ்வளவு ஓடும்?" என்று சண்டைக்கு நிற்கிற மனிதர்கள்.

"நான் சுத்துறது வேலை. நீங்க சுத்துறது சவாரி. அதுவும் வண்டி நின்னதும் ஹாயா மரத்தடியில உட்கார்ந்துக்கறீங்க" என்பாள்.

"நீயும் ஒரு நாள் ஓட்டிப் பாரு, தெரியும்."

"கொடுத்தா ஓட்ட மாட்டேனா? உங்க பதினாலு ஸ்டாப்பும் எனக்கு மனப்பாடம். ராத்திரி சாப்பாட்டுல தினமும் ஒப்பிக்கறீங்களே."

உண்மையும் அதுதான். மரக்கடைத் திருப்பம், பழைய தண்ணீர்த் தொட்டி, ரயில்வே கேட் என்று அவர் தினமும் தட்டின் முன் உட்கார்ந்து ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

சரி, அந்த எழுபத்தைந்து கிலோ எழுபத்தைந்திலேயே நிற்கவில்லை. அது எப்படி ஏறியது என்பதற்கு வருவோம். வேனை ஓட்டுகிறவர் ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பான ஸ்டோர்காரரேதான். காலையில் தராசு முள்ளைப் பார்க்கிறவரும் அவர், பிறகு வேனை எடுக்கிறவரும் அவர். மகா நிதானமான மனிதர். ஃபோன் வந்ததும் "இதோ கிளம்பிட்டேன்" என்பார். பிறகு கையிலிருக்கும் திருகாணிகளை எண்ணி முடிப்பார், டீ குடிப்பார், ஸ்டோரைப் பூட்டுவார், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். வேன் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டும் ஆகும். அதுவரை நம்மவர் ரோட்டோரத்தில் என்ன செய்வார்? பேச ஓர் ஆள் கிடையாது. செத்த வண்டியோடு எவ்வளவு நேரம்தான் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பது? பக்கத்தில் ஏதாவது பேக்கரி இருந்தால் போய் ஒரு பன் சாப்பிடுவார். பன் சாப்பிட்டால் கடைக்காரர் இரண்டு வார்த்தை பேசுவார். இன்னொரு பன் என்றால் இன்னும் நாலு வார்த்தை. இப்படியே ஊரைச் சுற்றி பதினோரு பேக்கரிக்காரர்கள் அவருக்குச் சிநேகம் ஆனார்கள், ஒரு சிநேகத்துக்கு ஒரு கிலோ வீதம் உடம்பும் ஏறியது.

முதலில் ஏறியது அரைக் கிலோதான். அன்றைக்குத் தராசில் நின்றபோது முள் எழுபத்தைந்தைத் தாண்டுவதைப் பார்த்தார். எடை போனால் வேலை போச்சே! தராசு ஜன்னலை ஒட்டி இருந்தது. யதேச்சையாக ஊன்றுவதுபோல் ஜன்னல் திட்டில் ஒரு விரலை ஊன்றினார். முள் பதவிசாக எழுபத்தைந்துக்கு வந்தது. அடுத்த வருடம் இரண்டு விரல். பிறகு முழு உள்ளங்கை. கடைசியில், திட்டின்மேல் முழங்கையை மடக்கி வைத்து, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த எதையோ கண்டுபிடித்துவிட்டவர்போல எட்டிப் பார்த்து, பாதி உடம்பைச் சுவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நிற்பார். ஸ்டோர்காரர் இதையெல்லாம் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அவர் முள்ளைப் பார்ப்பதையே விட்டு வருடக் கணக்காகிறது. தினசரி எழுதுகிற படிவத்தில் காற்று, வெயில், டயர் அழுத்தம் எல்லாம் கையால் எழுத வேண்டும். 'ஓட்டுபவர் எடை' என்ற கட்டத்தில் மட்டும் 75 என்று அச்சடித்தே வந்துவிடும். எழுபத்தஞ்சு என்று கூப்பிடுகிற ஆளைப் போய் எத்தனை கிலோ என்று யார்தான் கேட்பார்கள்?

இந்தச் சமயத்தில்தான் மாவு மேடம் புது செல்லைச் செய்து முடித்தார். பேட்டரிக்குள் இருக்கிற செல்லுக்கு என்று ஒரு கறுப்புப் பொடி உண்டு. அதைப் பசையோடு சேர்த்து மாவு போலப் பிசைந்து, மெல்லிய தகட்டில் பூசி, காயவைத்துச் சுருட்டுவார்கள். நாலு வருடமாகக் கம்பெனியின் பின்னறையில் அந்த மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். முப்பத்தைந்து வயது, மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டு. பழைய செல் நூறு கிலோமீட்டர் ஓடும். புது செல்லை மெஷினில் மாட்டி, எழுபத்தைந்து கிலோ ஆள் ஓட்டுவதாகக் கணக்கு வைத்துச் சோதித்தால் நூற்றிருபது வந்தது. கம்பெனியே துள்ளியது. முதலாளி அன்றைக்கே ஸ்கூட்டர் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றிடம் நூற்றிருபது என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ரோட்டில் ஓட்டினால் நூற்றுப் பதின்மூன்று.

மறுநாளும் நூற்றுப் பதின்மூன்று. புதுப் பேட்டரி போட்டாலும் நூற்றுப் பதின்மூன்று. மெஷினில் இருக்கிற ஏழு கிலோமீட்டர் ரோட்டில் இல்லை. மேடம் தலையைப் பிய்த்துக்கொண்டார். டயரை மாற்றினார். பிரேக் உரசுகிறதா என்று கழற்றிப் பார்த்தார். வெயில் காரணமோ என்று பேட்டரிக்கு ஒரு தொப்பி தைத்தார். மரக்கடைத் திருப்பத்தில் ஒரு நாய் தினமும் துரத்துகிறது, அங்கே மட்டும் வேகம் நாற்பத்தெட்டு ஆகிறது என்று நம்மவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு வாரம் அந்தத் திருப்பத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாய்க்கு பிஸ்கட் போட்டுச் சமாதானம் பேசினார். நாய் துரத்துவதை விட்டது. வேகம் நாற்பதிலேயே நின்றது. தூரம் நூற்றுப் பதின்மூன்றிலேயே நின்றது. கூடவே நாய்க்கும் எடை ஏறியது.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு புதன்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க ஆள் நேர்ல வந்து பார்க்கறாராம். நூத்திருபது ஓடினா ஒப்பந்தம். இல்லேன்னா புது செல்லை மூட்டை கட்டிடலாம். பழைய செல்லே போதும். பின்னறையையும் காலி பண்ணிடலாம், கோடவுனுக்கு ஆகும்" என்றார்.

பின்னறை என்றால் மாவு மேடம். அவரைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மேடம் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். மதியம் டீ மேஜையில் ஒரு காகிதத்தில் என்னென்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"அண்ணா, இதைப் பாருங்களேன். வண்டி பதினோரு கிலோ கூடுதலா எதையோ சுமந்துட்டுப் போகுதுனு வெச்சுக்கிட்டா கணக்கு அப்படியே பொருந்துது. சரியா ஏழு கிலோமீட்டர் குறையும். ஆனா ஒரு ஸ்கூட்டர்ல பதினோரு கிலோ எங்க ஒளிஞ்சிருக்க முடியும்?"

எழுபத்தஞ்சின் வாயில் அப்போது ஒரு முழு பன்னில் பாதி இருந்தது. அது முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. திருதிருவென்று விழித்தார். மேடம் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எட்டு மாதமாக ஒரு கம்பெனியே தேடுகிற திருடன் பக்கத்தில் பன்னோடு உட்கார்ந்திருக்கிறான் என்பது நம்மவருக்கு ஒருவருக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்த அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒன்பது வருடப் பொய்யை ஒரு டீ நேரத்தில் கக்கிவிட முடியுமா? சொன்னால் வேலை போகும். பெயரும் கூடவே போகும். பெயர் போனால் அவரை என்னவென்று கூப்பிடுவார்கள்? எண்பத்தாறு என்றா?

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று ஒரு குறுக்குவழி தோன்றியது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பதினோரு கிலோவைக் குறைத்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ கூட இல்லை, ப்பூ! இவ்வளவுதானே என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் மனிதருக்கு உண்மையிலேயே பசி வந்தது.

அன்றிரவு ஒரு வாய்தான் சாப்பிட்டார். மனைவி முகத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடிப்படியில் அறுபது தடவை ஏறி இறங்கினார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். நாலாம் நாள் இருபது வருட மீசையை எடுத்தார். அதன் எடை தெரிந்துகொள்ள, மளிகைக் கடைத் தராசில் காகிதத்தில் மடித்து வைத்தும் பார்த்தார். தராசு அசையவில்லை. கடைக்காரர்தான் கொஞ்சம் அசைந்து போனார்.

ஐந்தாம் நாள் மனைவி கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிடறதில்ல. மாடிப்படியில ஓடறீங்க. மீசையைக் காணோம். யாரு அவ?"

"எவ?"

"அதைத்தான் கேக்கறேன்."

"சீச்சீ! உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கலாம்னு..."

"பதினேழு வருஷமா இல்லாத அக்கறை இப்ப எங்கேருந்து வந்துச்சு? எனக்காக ஒரு முடி எடுத்திருப்பீங்களா?"

அவள் இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் அவருக்கு அரைக் கிலோ தானாகவே குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, கடைசி ஒத்திகை. உண்ணாமல், உறங்காமல், மீசையும் இல்லாமல் குறைந்ததென்னவோ மொத்தம் ஒன்றரைக் கிலோ. ஓட்டினார். வண்டி நூற்றுப் பதினான்கில் நின்றது. கம்பெனிக்குத் திரும்பி எண்ணைச் சொன்னதும் மாவு மேடம் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"அண்ணா! ஒரு கிலோமீட்டர் வந்துடுச்சு அண்ணா! கண்டுபிடிச்சுட்டேன்! பசைதான்! திங்கட்கிழமை பசையை மாத்தினேன், உடனே தெரியுது பாருங்க!"

"பசையா?" என்றார் இவர் பலவீனமாக.

"பசைதான். இந்தப் பசையை இன்னும் அள்ளிப் போட்டா நூத்திருபது வந்துடும். இருக்கற மாவையெல்லாம் நாளைக்குக் காலையில கொட்டிட்டுப் புதுசாப் பிசையறேன்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "நாலு வருஷமா தப்பான பசையைப் போட்டிருக்கேன் அண்ணா. இத்தனை பேரையும் அலைய விட்டுட்டேன். தப்பெல்லாம் என் மேலதான். முதலாளிகிட்ட அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

எழுபத்தஞ்சு தன் கைகளை அவர் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டார். எடைக்காகப் பொய் சொன்னது ஒன்று. நல்ல மாவை ஒருத்தி குப்பையில் கொட்டப் போகிறாள், செய்யாத தப்பைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பது வேறு. அவருக்கு அவமானமாக இருந்தது. வெறும் அவமானம், கூட ஒன்றும் கலக்காத அவமானம்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஜன்னல் திட்டு, விரல், முழங்கை, பதினோரு பேக்கரி, நாய், பசை. அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ வேற யாரும் இல்லையே?"

"பன்தான்."

"அட ராமா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலையில முதல் வேலையா போய்ச் சொல்றீங்க. அந்தப் பொண்ணு மாவைக் கொட்டறதுக்கு முன்னாடி. நானும் வரேன். நடுவழியில ஏதாவது வரிசையைப் பார்த்தா நீங்க போய் நின்னுடுவீங்க" என்றாள்.

வியாழன் காலை மாவுப் பாத்திரத்தைக் கவிழ்க்கத் தூக்கிய கையோடு மேடம் நிற்க, நம்மவர் "மேடம், கொட்டாதீங்க, ஸ்டோர் ரூமுக்கு வாங்க" என்று அழைத்துப் போனார். முதலாளியும் வந்தார். எழுபத்தஞ்சு தராசில் ஏறினார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார். பார்ப்பதற்குப் போலீஸிடம் அகப்பட்டவர் மாதிரி இருந்தது. முள் எழுபத்தைந்தைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, எண்பத்து நாலரையில் போய் ஆடி நின்றது.

"தராசு கெட்டுப்போச்சு போல" என்றார் ஸ்டோர்காரர்.

"தராசு சரியாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப்போயிட்டேன். போன வாரம் எண்பத்தாறு" என்றார் எழுபத்தஞ்சு. ஜன்னல் திட்டில் எப்படி ஊன்றுவார் என்பதையும் செய்து காட்டினார். முள் சமர்த்தாக எழுபத்தைந்துக்கு வந்தது.

மேடம் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். எண்பத்தாறு என்றால் நூற்றுப் பதின்மூன்று. எண்பத்து நாலரை என்றால் நூற்றுப் பதினான்கு. எழுபத்தைந்து என்றால்... பேனா அங்கேயே நின்றது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பார்க்கப் பார்க்க அழ ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"நாய்க்கு ரெண்டு வாரம் பிஸ்கட் போட்டேன் அண்ணா! வெயில்ல உட்கார்ந்து! தினமும் என்னைத் தாண்டிப் போனீங்களே, கை ஆட்டிட்டுப் போனீங்களே!"

"தப்புதான் மேடம். உங்க செல்லு மேல ஒரு குறையும் இல்ல. அதை மட்டும் நம்புங்க" என்றார் இவர்.

முதலாளியும் கத்தினார். வாய்க்கு வந்தபடி கத்தினார். "இன்னியோட ரைடர் வேலை உனக்குக் கிடையாது" என்றார். அதுவும் நியாயம்தான் என்று எழுபத்தஞ்சு தலையாட்டினார். அதற்குள் முதலாளிக்கே விஷயம் உறைத்து, "அப்போ நாளைக்கு யார் ஓட்டறது?" என்று கேட்டார். முதலாளிக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ. ஸ்டோர்காரருக்கு ஸ்கூட்டர் என்றால் தலைசுற்றும். மேடத்துக்குச் சைக்கிள்தான் தெரியும். ஒரே நாளில் எங்கே போய் ஆள் பிடிப்பது?

"குறைவா இருந்தா மணல் பையைக் கட்டி எழுபத்தஞ்சு ஆக்கிக்கலாம் இல்லையா?" என்று கேட்டது கதவோரம் நின்ற மனைவி.

"ஆக்கிக்கலாம்" என்றார் மேடம்.

"அப்போ நான் ஓட்டறேன். பதினாலு ஸ்டாப்பும் எனக்குத் தெரியும்."

முதலாளி அவளைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் தராசைக் காட்டினார். அவள் ஏறுவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள். கல்யாணமான நாள் முதல் தன் எடை ஐம்பத்தெட்டு என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஏறினாள். ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முள்ளை உண்மையாகவே பார்த்து, கம்பெனி முழுக்கக் கேட்கும்படி, "அறுபத்தேழு!" என்று அறிவித்தார். எழுபத்தஞ்சு கூரையைப் பார்த்தார். கூரையை மட்டுமே பார்த்தார். பிழைக்கத் தெரிந்தவர்.

வெள்ளிக்கிழமை காலை இடுப்பைச் சுற்றி எட்டு கிலோ மணலோடு அவள் கிளம்பினாள். பெரிய கம்பெனியிலிருந்து பேட்டரி வாங்க வந்த மனிதர் சட்டைப்பையில் பேனாவோடு முதலாளி அறையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் அவள் கம்பெனி வாசலைத் தாண்டிப் போவாள். நம்மவருக்கு வாசலில் நிற்க உரிமை இல்லை, வேலை போனவர். ஆகவே வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மேடம் இந்தப் பக்கம் நகம் கடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து, எழுபது, நூற்றைந்து. வாசலைத் தாண்டும்போது அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை. மீட்டரிலேயே கண். வேகம் நாற்பதிலேயே நின்றது. அந்த விஷயத்தில் அவரைவிட அவள் கெட்டி என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசி வட்டம் போனவள் வரவில்லை. மூன்று மணி நேரம் கழிந்து இருபது நிமிடம் ஆனபோது மேடத்தின் ஃபோன் அடித்தது.

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுடுச்சும்மா. நூத்தி இருபத்தொண்ணு, புள்ளி நாலு."

மேடம் போட்ட சத்தத்தில் வாங்க வந்த மனிதர் வெளியே ஓடிவந்துவிட்டார். முதலாளி அவரைக் கட்டிக்கொண்டார். வாட்ச்மேனையும் கட்டிக்கொண்டார். ஸ்டோர்காரர் "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்ற ஆரம்பித்தார். எழுபத்தஞ்சு ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். நேரே போய் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தார், வேனைக் கிளப்பினார், போய்விட்டார்.

வண்டி நின்றிருந்தது ரயில்வே கேட்டுக்கு அப்பால், இரண்டு பக்கமும் வெறும் கம்பிவேலி ஓடுகிற இடத்தில். ஒரு பேக்கரிகூடக் கிடையாது. அவள் மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தாள், மணல் பையை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். இவர் இறங்கி வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஜெயிச்சுட்ட!" என்று கத்தினார். "அந்தப் பொண்ணு அங்க ஆடுது. முதலாளி எல்லாரையும் கட்டிப் பிடிக்கறார்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

"கடைசி ரெண்டு கிலோமீட்டர் இருக்கே... நிக்கப் போகுதுனு தெரியுது. எங்கனு தெரியல. நின்னதும் ஒரு சத்தம் இல்ல. எல்லாரும் தாண்டிப் போறாங்க, ஒருத்தரும் என்னனு கேக்கல. தினமும் இப்படித்தானா?"

"தினமும் இல்ல" என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை லீவு."

அவள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது முகத்தில் மணல் ஒட்டிக்கொண்டது. அதை அவர் துடைத்துவிட்டார். "சவாரினு சொல்லிட்டேனே இத்தனை வருஷமா" என்றாள். "பரவாயில்ல விடு" என்றார்.

அப்போது அவள் ஃபோன் அடித்தது. முதலாளி. ரைடர் வேலைக்கு நீங்களே வந்துவிடுங்கள் அம்மா, என்ன கேட்டாலும் சரி என்றார். சந்தோஷத்தில் இருக்கிற முதலாளி பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

"வாரத்துல மூணு நாள் வரேன் சார், மத்த நாள் எனக்கு மீட்டர் இருக்கு. ஒரு கண்டிஷன்" என்றாள். "வேனை என் வீட்டுக்காரர்தான் ஓட்டணும். நான் ஃபோன் பண்ணின பிறகு கிளம்பற வேலை கூடாது. கடைசி வட்டத்துல என் பின்னாடியே வரணும். நான் நிக்கும்போது அவரும் நிக்கணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வேன் ஓட்டுகிறவருக்கு எடை எவ்வளவு இருக்கலாம் என்று முதலாளி யோசித்திருக்க வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது அவருக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது.

"சரிம்மா" என்றார்.

அவள் ஃபோனைப் பைக்குள் போட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஸ்கூட்டரை வேனில் ஏற்றினார்கள்.